இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

என் உயிர் மச்சான் அமலுக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது எழுதியதே இல்லை. எதிர் சந்தில் இருக்கிறவனுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா? வாசலில் நின்று ஒரு விசில் அடித்தால் போதும், கேரேஜுக்குள் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியிலிருந்து "இன்னாடா?" என்று உன் குரல் வரும்.

உன் வருஷ நினைவுக்கு லூர்து ஒரு சின்னப் புத்தகம் போடுகிறாள். உன்னைத் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "அண்ணே, நீங்க ஒரு பக்கத்துக்கு மேல போவக்கூடாது" என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டாள், உன் மனைவிக்கு என்னைத் தெரியாதா என்ன. ஒரு பக்கத்தில் எனக்கு மூச்சுகூட விட வராது. அவள் வெட்டினால் வெட்டிக்கொள்ளட்டும்.

முதலில் செய்தி. நான் கார் வாங்கிவிட்டேன். பழைய கார்தான், ஒருவர் ஓட்டியது. ஹைப்ரிட்.

சிரிக்காதே. ஹைப்ரிட் வண்டி என்றால் "ரெண்டு பொண்டாட்டிக்காரன் வண்டி" என்பாய் நீ. பெட்ரோல் ஒருத்தி, பாட்டரி ஒருத்தி, எவள் எப்போது கோபித்துக்கொள்வாள் என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது என்பாய். கல்லூரி லேபில் இருபத்தெட்டு வருஷம் மாணவர்களுக்குப் பாட்டரியும் வயரும் எடுத்துக் கொடுத்தவன் நான். எந்தப் பாட்டரி எப்போது காலை வாரும் என்று எனக்கும் தெரியாது. அப்படிப்பட்டவன் அறுபதை நெருங்குகிற வயதில் இதை வாங்கியிருக்கிறேன் என்றால் காரணம் இருக்க வேண்டும் இல்லையா?

காரணம் உன் மகள் ஜெனிதான். அவளுக்கு இது ஒன்பதாம் மாதம். போன தடவை மூன்றாம் மாதமே கலைந்துபோனபோது நீதான் கேரேஜைப் பூட்டிவிட்டு நாலு நாள் யாரிடமும் பேசாமல் இருந்தாய். இந்தத் தடவை தங்கிவிட்டது. வயிறு நன்றாக இறங்கியிருக்கிறது என்கிறாள் என் வீட்டுக்காரி வசந்தா. அவளுக்கு இதெல்லாம் பார்த்தாலே தெரியும்.

சிக்கல் என்னவென்றால் ஊர் வழக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று லூர்து பிடிவாதமாக வளைகாப்பு முடிந்ததும் வைட்ஃபீல்டிலிருந்து பெண்ணை இங்கே லிங்கராஜபுரத்துக்குக் கூட்டி வந்துவிட்டாள். ஆனால் ஜெனி ஆரம்பத்திலிருந்து பார்க்கும் டாக்டரம்மா இருப்பது வைட்ஃபீல்டில். போன தடவை கையைப் பிடித்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தவர் அவர். அவரைத் தவிர வேறு யாரிடமும் போகமாட்டேன் என்று இவள் பிடிவாதம். அம்மா பிடிவாதத்துக்கும் பெண் பிடிவாதத்துக்கும் நடுவில் பானஸ்வாடி, ரிங் ரோடு, டின் ஃபேக்டரி ஜங்ஷன், தொங்கு பாலம் என்று பெங்களூரின் பாதி ட்ராஃபிக் நிற்கிறது. மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார். குழந்தை பிறந்து பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் கரை இறங்குவாராம்.

"வலி வந்தா மாமாதான் என்ன கூட்டிட்டுப் போவணும்" என்று ஜெனி ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். ஏதோ கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வாருங்கள் என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. ஆம்புலன்ஸ் நம்பர் எழுதி வைத்துக்கொள்ளலாமே, நல்ல டாக்ஸிக்காரன் ஒருவன் இருக்கிறானே என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவள் காதிலேயே வாங்கவில்லை.

எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று உனக்குத் தெரியும். இந்தப் புத்தகத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பழைய வெள்ளை வண்டியின் கிளட்ச் போய்க்கொண்டிருக்கிறது என்று நீ ஒரு மாதமாகச் சொன்னாய். "மச்சான், ஒரு நாள் வண்டிய உட்டுட்டுப் போ, மாத்திடறேன்" என்றாய். அந்தச் சனிக்கிழமை கல்யாணம், அடுத்த சனிக்கிழமை மழை, அதற்கடுத்த சனிக்கிழமை எனக்குச் சோம்பல். வேறொன்றும் இல்லை, வெறும் சோம்பல். அதற்கு ஆறாவது நாள் சாயங்காலம் லூர்து போன் செய்து உனக்கு நெஞ்சு வலி என்றாள். முந்தின வருஷம் உனக்கு ஆஞ்சியோ செய்த ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம், ஃபைலெல்லாம் அங்கேதான் இருக்கிறது என்று கே.ஆர். புரம் பக்கம் கிளம்பினோம். டின் ஃபேக்டரிக்கு முன்னால் ஊர்ந்து ஊர்ந்து போனதில் கிளட்ச் தீய்ந்துவிட்டது. கருகின வாடை உள்ளே வந்தது.

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டே "செகண்டு போடாத, ஃபர்ஸ்ட்லயே வை" என்றாய். பிறகு "பரவால்ல உடு" என்றாய். நான் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் கத்தியதே தவிர வண்டி நகரவில்லை. ஒரு ஆட்டோவை மறித்து உன்னை ஏற்றினேன். அதுவும் அதே ட்ராஃபிக்கில்தான் போனது. ஆஸ்பத்திரி வாசலில் உன் கை என் கையில் இருந்தது, நீ இல்லை.

"பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாது சார்" என்றார். ஒரு வருஷமாக அந்த வாக்கியத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்ல முடியாதா? காப்பாற்றியிருக்க முடியாது என்று சொல்ல முடியாதா? எதைச் சொல்ல முடியாது?

கிளட்ச் தீய்ந்தது எல்லோருக்கும் தெரியும். நீ ஒரு மாதமாகச் சொல்லியும் நான் மாற்றவில்லை என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. லூர்துவிடம் சொல்ல மூன்று தடவை போய் மூன்று தடவையும் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

வெள்ளை வண்டியை விற்றுவிட்டேன். அடுத்து வாங்கினால் கிளட்ச் இல்லாத வண்டிதான் என்று அன்றே முடிவு செய்திருந்தேன். முழுக்கக் கரண்டில் ஓடும் கார் எனக்குச் சரிப்படாது. நம் சந்தில் வண்டி நிறுத்தவே இடமில்லை, சார்ஜ் போட எங்கே போவது? ஜெனிதான் தன் ஆபீஸில் யாரோ சொன்னார்கள் என்று ஹைப்ரிட் பேச்சை எடுத்தாள். நின்று நின்று போகும் சிட்டி ட்ராஃபிக்குக்குத்தான் அது லாயக்காம். ஊர்ந்து போகும்போது பாட்டரி இழுக்கும், பிரேக் பிடிக்கும்போது அதுவே தன்னைச் சார்ஜ் செய்துகொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஏழு வருஷப் பழைய வண்டியின் பாட்டரி எட்டாவது வருஷம் என்ன செய்யும் என்று அந்த ஆபீஸ்காரர்கள் யாரும் சொல்லவில்லை.

நீ இல்லாமல் நான் பார்க்கப் போன முதல் வண்டி அது, அமல். ஒரு சைக்கிள்கூட உன்னைக் கூட்டிப் போகாமல் நான் வாங்கியதில்லை. லூர்துவிடம் கேட்டு உன் நீள ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டேன். இன்ஜின் மேல் முனையை வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பாயே, அதேதான். அதை வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. கையில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று எடுத்துப் போனேன். ஜெனியும் வருவேன் என்று அடம்பிடித்து வந்தாள்.

வண்டிக்காரர் ரகு என்று ஒரு கன்னடக்காரர், வைட்ஃபீல்டில் பெரிய அபார்ட்மெண்ட். நல்ல மனுஷன். வேலை மாறி வெளிநாடு போகிறாராம். அவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினார். நான் பானெட் மேல் கை வைத்து, உன்னைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. பொறுத்துப் பார்த்தேன்.

"ஸ்டார்ட் மாடி சார்" என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் ஸ்டார்ட் செய்யச் சொன்னேன்.

"ஆகிதெ சார்" என்றார். ஆகிவிட்டதாம்.

நான் கண்ணைத் திறந்து அவரையும் பார்த்தேன், வண்டியையும் பார்த்தேன். ஒரு நடுக்கம் இல்லை, சத்தம் இல்லை. ஜெனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாட்டரியில் சார்ஜ் இருக்கிறவரை இன்ஜின் எழுந்திருக்காது, தேவைப்பட்டால் அதுவே எழுந்துகொள்ளும் என்று ரகு விளக்கினார். எனக்கு அந்த "அதுவே" என்ற வார்த்தை பிடிக்கவில்லை. நான் சொல்லாமல் எதுவும் தானாக எழுந்திருக்கக்கூடாது.

ஏசியை முழுக்க வைத்துக் கொஞ்ச நேரம் நிறுத்தியதும் இன்ஜின் எழுந்தது. உன் பெண் என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, அந்த வயிற்றோடு குனிந்து முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்தாள். "சும்மா இருங்க எல்லாரும்" என்றாள். அப்படியே உன் குரல், மச்சான். ரகுகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டாப்பெட் சத்தம் இல்ல மாமா. நல்லா இருக்கு" என்றாள்.

பிறகு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தவள், சீட்டின் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன வலைக்குள் விரலை விட்டு ஒரு கொத்து நாய் முடியை இழுத்தாள். பாட்டரிக்குக் காற்றுப் போகிற வழி அது. அங்கே அடைத்துக்கொண்டால் பாட்டரி சூடாகி ஆயுசு குறையும் என்று போனில் படித்துவிட்டு வந்திருக்கிறாள். ரகு பாவம், முகம் சிவந்துபோய், தன்னிடம் ஒரு நாய் இருந்ததென்றும் போன மழைக்காலத்தில் செத்துவிட்டதென்றும் சொன்னார். எனக்கு உடனே வேண்டாம் என்று தோன்றிவிட்டது. ஜெனி விடவில்லை. சர்வீஸ் சென்டரில் கொடுத்துச் சோதித்தோம். ஃபேனைச் சுத்தம் செய்தார்கள், பாட்டரி நன்றாக இருக்கிறது என்று எழுதியும் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன். வசந்தா துவைக்கப் போட்டு ஒரு தடவை நனைந்தும்விட்டது.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று முனீஸ்வரன் கோயில் முன்னால் பூஜை போட்டோம். லூர்து தன் பங்குக்குத் தீர்த்தம் தெளித்து, கண்ணாடியில் ஜெபமாலை மாட்டினாள். நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். நான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி இறங்கினேன். சத்தம் இல்லாததால் அணைத்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டேன். அணைக்கவில்லை. உள்ளே ரெடி என்று பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததை யார் பார்த்தார்கள்?

பூசாரி முன்னால் குனிந்து கற்பூரம் காட்டும் நேரத்தில் இன்ஜின் தானாக எழுந்து உறுமியது. உள்ளே ஆள் இல்லை. பூசாரி தட்டோடு பின்னால் தாவினார். கற்பூரம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஓனருக்கே தெரியாம ஓடுது, நல்ல வண்டி" என்றார் பூசாரி. நீ இருந்திருந்தால் ஒரு வருஷத்துக்கு இதையே சொல்லிச் சிரித்திருப்பாய். நான் ஓடிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தேன். கியர் பார்க்கில் இருந்ததால் நகரவில்லை. பார்க்கில் இல்லாமல் இருந்திருந்தால்?

அன்றிலிருந்து எனக்கு நானே ஒரு பாடம் வைத்துக்கொண்டேன். சத்தம் இல்லையா, பொத்தானை அழுத்து. வண்டி நின்றதும் பார்க், உடனே பொத்தான். கை தானாகப் போகிற அளவுக்குப் பழகினேன். இப்படி நான் பழகியதுதான் வினையாக முடிந்தது. அதற்கு வருகிறேன்.

அடுத்த இரண்டு வாரமும் ஒத்திகை. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று லிங்கராஜபுரத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரி வாசல் வரை ஓட்டிப் பார்த்தேன். வாட்ச்மேன் எனக்குச் சல்யூட் வைக்க ஆரம்பித்துவிட்டான். டாக்டர் என்று நினைத்திருப்பான். ஒவ்வொரு தடவையும் டின் ஃபேக்டரி வரும்போது அந்த இடத்தைப் பார்க்காமல் நேராகவே பார்த்துக்கொண்டு தாண்டுவேன். வசந்தா சொன்னாள்: "ஏங்க, பிரசவம் அவளுக்கா உங்களுக்கா? நீங்க இளைச்சுப் போயிட்டீங்க."

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வலி வந்தது.

ஒன்பது மணி என்றால் உனக்கே தெரியும். வைட்ஃபீல்ட் போகிற ஆபீஸ் பஸ்கள் எல்லாம் ரோட்டில் இருக்கும். லூர்து பின்சீட்டில் மகளைச் சாய்த்துக்கொண்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு விஷயம் ஒப்புக்கொள்கிறேன், வண்டி அருமையாகப் போனது. குலுங்கல் இல்லை, கியர் மாற்றும் உதறல் இல்லை. பானஸ்வாடி தாண்டும்வரை எனக்குக்கூடக் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது.

டின் ஃபேக்டரிக்கு முன்னால் எல்லாம் நின்றது. முன்னால் ஒரு ஆபீஸ் பஸ், பக்கத்தில் தண்ணீர் லாரி. நகர்கிற மாதிரியே தெரியவில்லை. கால் வலிக்கிறதே என்று கியரைப் பார்க்கில் தள்ளினேன். இன்ஜின் அடங்கியது. அது வழக்கமாக அடங்குவதுதான். ஆனால் அந்த இடத்தில், அந்த அமைதியில், என் கை தானாகப் போய்ப் பொத்தானை அழுத்திவிட்டது.

முன்னால் இருந்த விளக்கெல்லாம் அணைந்தது. ஏசி நின்றது. வண்டி செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன், அமல். நானே அணைத்தேன் என்று தோன்றவே இல்லை. முன்னாலிருந்த பஸ் நகர்ந்தது. பின்னால் ஹாரன். நான் பொத்தானை அழுத்துகிறேன், ஏதோ விளக்கு எரிகிறது, பச்சை விளக்கு வரவில்லை. மறுபடி அழுத்துகிறேன், வரவில்லை. கருகின வாடை அடித்தது. நிஜமாகவே அடித்தது, சத்தியமாக. பக்கத்து லாரியிலிருந்தும் வந்திருக்கலாம். லூர்துவின் ஜெபம் நின்றுவிட்டது.

"மாமா" என்றாள் ஜெனி. வலியோடுதான், ஆனால் நிதானமாக. "மாமா, எடது காலால என்ன மிதிக்கறீங்க?"

குனிந்து பார்த்தேன். என் இடது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. நான் கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரமாகச் சும்மா கிடந்த கால், பயம் வந்ததும் பழைய வண்டிக்கே போய்விட்டது. வலது கால் பிரேக்கை விட்டுவிட்டு அந்தரத்தில் இருந்தது. பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தினால் இந்த வண்டி கிளம்பாது.

"அந்தக் கால எடுத்துடுங்க. வலது காலால பிரேக்க நல்லா மிதிங்க. மிதிச்சிட்டீங்களா? இப்ப அழுத்துங்க."

பச்சை விளக்கு வந்தது. பார்க்கிலிருந்து கியரை எடுத்ததும் சத்தமே இல்லாமல் வண்டி நகர்ந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அழுதேன். ஐம்பத்தெட்டு வயதில், நடு ரோட்டில், வலியோடு ஒரு பெண் பின்னால் இருக்கும்போது அழுதேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. "ஜெனி, அன்னிக்கு உங்கப்பாவ கூட்டிட்டு வந்தப்ப இங்கதான் நின்னுச்சு. கிளட்ச் போவுது, மாத்தணும்னு அவன் ஒரு மாசமா சொன்னான். நான்தான் வண்டிய உடல. சோம்பேறித்தனம்மா. வேற ஒண்ணும் இல்ல" என்றேன். அவள் இருக்கும் நிலைமையில் சொல்ல வேண்டிய விஷயமா இது? லூர்து இப்போதே இறங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"தெரியும் மாமா" என்றாள் ஜெனி.

"என்ன தெரியும்?" என்றேன்.

"அப்பா தெனமும் போன்ல சொல்லிட்டிருந்தார். அன்னிக்குக் காலையில டிபன் சாப்பிடறப்பகூட, சம்பத்து வண்டி எங்கியோ நடு ரோட்ல நிக்கப் போவுதுன்னு சொல்லிச் சிரிச்சார்." அவளுக்கு ஒரு வலி வந்து, கண்ணை மூடி, பல்லைக் கடித்துப் பொறுத்தாள். அது போனதும் லூர்து ஆரம்பித்தாள். "நான் ஆம்புலன்ஸ கூப்பிடறேன்னுதான் சொன்னேன் அண்ணே. அவருதான் வேணாம், சம்பத்த கூப்புடுன்னாரு. வண்டி சரியில்லன்னு நீங்கதானே சொன்னீங்கன்னு கேட்டேன். வண்டி கெடக்குது, அவன கூப்புடுன்னாரு."

தொங்கு பாலம் தாண்டியதும் ரோடு கொஞ்சம் விட்டது.

அது பொய் வலி. டாக்டரம்மா பார்த்துவிட்டு, இன்னும் நாள் இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். வாட்ச்மேன் மறுபடி சல்யூட் வைத்தான். திரும்பும் வழியில் ஜெனி நிம்மதியாகத் தூங்கினாள். நான் லூர்துவிடம் "தெரிஞ்சுமா இத்தன நாளா எனக்கு டீ போட்டுக் குடுத்த?" என்று கேட்டேன். "நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்" என்றாள்.

இப்போது நான் உன்னைக் கேட்கிறேன். ஒரு வண்டி சந்து முனை திரும்பும் சத்தத்திலேயே அதன் வியாதியைச் சொல்கிறவன் நீ. என் கிளட்ச் அன்று தாங்காது என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஏன்டா என்னைக் கூப்பிட்டாய்? தாங்கிவிடும் என்று நினைத்தாயா? இல்லை, போகிறபோது பக்கத்தில் நான் இருக்க வேண்டும் என்று நினைத்தாயா? முதலாவது என்றால் நீ என்னை நம்பி ஏமாந்துபோனாய். இரண்டாவது என்றால் நான் என்ன செய்வேன்? இரண்டையும் என்னால் தாங்க முடியவில்லை. "பரவால்ல உடு" என்றாயே, அது எனக்குச் சொன்னதா, வண்டிக்குச் சொன்னதா என்றுகூட இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்து போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். பச்சை விளக்கு எரியவில்லை, பார்க்கில்தான் இருக்கிறது. சீட்டோர வலையில் தூசி இருக்கிறதா என்று தினமும் விரலால் தடவிப் பார்க்கிறேன். டிக்கியில் ஜெனியின் பை இருக்கிறது. குழந்தைத் துணி, ஃபிளாஸ்க், ஃபைல், டார்ச், இன்னொரு டார்ச். நம் கேரேஜ் பையன்கள் எல்லோருடைய நம்பரும் டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறது. வசந்தா அதைப் பார்த்துவிட்டு, "கிரிக்கெட் டீம் மாதிரி இருக்கு" என்கிறாள்.

நேற்று ஜெனியிடம் கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "கண்ணு, ஆம்புலன்ஸுக்கே சொல்லிடலாமே. அன்னிக்கு நான் பண்ணின கூத்தைப் பாத்தல்ல?"

"பாத்தேன் மாமா" என்றாள். "அதுக்கென்ன இப்ப? எனக்கு வலி வந்தா உங்களத்தான் கூப்பிடுவேன்."

யாருடைய பெண் என்று கேட்க வேண்டியதே இல்லை.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அமல். லூர்து எந்தப் பக்கத்தை வெட்டினாலும் இதை வெட்டக்கூடாது. அவள் கூப்பிடும்போது காலை ஒன்பது மணியோ, மழையோ, டின் ஃபேக்டரியில் ஊரே நிற்கிறதோ, நான் கிளம்புவேன். வழியில் எங்கேயும் பொத்தானைத் தொடமாட்டேன். இடது காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்வேன். நீ கூப்பிட்டாய், வந்தேன், கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. இவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன், மச்சான். சேர்த்துவிட்டு அந்த வாசலில் நின்று ஒரு விசில் அடிப்பேன், உனக்குக் கேட்கும்.

உன் மச்சான்,
பிறக்கப்போகிற பிள்ளைக்கு மிச்சமிருக்கிற தாத்தா,
சம்பத்
லிங்கராஜபுரம்